கரையடி வயலுக்கு ஆம்ப்ளிஃபையர் இல்லை

ஆயுத பூஜை நெருங்கினால் போதும், என் போன் ஓயாது. "சார், அந்தச் சந்தனக் கதைய ஒரு தடவ சொல்லுங்க சார்" என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் வரிசையாகக் கூப்பிடுவார்கள். சந்தனம் பட்டதும் கம்ப்யூட்டருக்கு அருள் வந்து ஆடியதாக வாட்ஸ்அப்பில் ஒருவன் எழுதியிருந்தான். இன்னொருவன் கதையில் பெட்டி தீப்பிடித்து எரிகிறது, நான் மணலை வாரிக் கொட்டுகிறேன். தீயும் கிடையாது, மணலும் கிடையாது. இந்த வருஷம் எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஆண்டு மலருக்காக ஒரு பெண் இன்ஜினியர் கேட்டார்: "நகைச்சுவையா ஒரு பக்கம் குடுங்க சார், போதும்." நல்ல பெண், மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அது ஒரு பக்கத்தில் அடங்காது, நகைச்சுவையும் கிடையாது. எனவே ஒரேயடியாக எழுதித் தொலைத்துவிடுகிறேன். இதற்குப் பிறகு யாரும் கூப்பிட வேண்டாம்.

முதலில் அது என்ன கம்ப்யூட்டர் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் "ராம் எவ்ளோ சார்?" என்று கேட்பீர்கள். கேட்டிருக்கிறார்கள்.

அதற்கு ராமும் இல்லை, கீபோர்டும் இல்லை, எண்களே தெரியாது. அனலாக் கம்ப்யூட்டர் என்று பெயர். வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் அதற்குள் வோல்டேஜ் ஏறும், தண்ணீர் வடிந்தால் வோல்டேஜ் வடியும். கூட்ட, கழிக்க, சேர்த்து வைக்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டி. பழைய ரேடியோவில் செக்கச்சிவந்து எரியுமே, அதே கண்ணாடி வால்வுகள்தான் அதற்குள்ளும் இருக்கும். உலகப்போர்க் காலத்தில் பறக்கிற விமானத்தைப் பீரங்கி குறிபார்க்க வேண்டியிருந்தது. விமானம் அடுத்த நொடி எங்கே இருக்கும் என்பதை மனிதன் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அது குண்டு போட்டுவிட்டுப் போய்விடும். வால்வு ஆம்ப்ளிஃபையர்களைக் கோத்தால் அந்தக் கணக்கை அவையே உடனுக்குடன் போடும் என்று கண்டுபிடித்தார்கள். போர் முடிந்ததும் அதையே டிபன் கேரியர் அளவுப் பெட்டிகளாகச் செய்து, செருகிக் கழற்றும்படி விற்றார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் புளியங்கொட்டை அளவு சில்லு ஒன்றை வாங்கி அதே வேலையைச் செய்துவிட்டு, பேர்கூடக் கேட்காமல் தூக்கி எறிகிறார்கள்.

எங்களுக்கு வந்தது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கழித்துக் கட்டியது. அங்கே டிரான்சிஸ்டர் வந்து வால்வைத் துரத்திக்கொண்டிருந்த சமயம். அவர்கள் தலைவலியை நமக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள், நாமும் மாலை போட்டு வாங்கினோம். தஞ்சாவூரில் வாய்க்கால், மதகு, வெள்ளம் என்று ஆராய்ச்சி செய்யும் கூடத்தில் ஒரு முழுச் சுவரை அது பிடித்துக்கொண்டது. நான் பாலிடெக்னிக் முடித்து, ஒரு ரேடியோ கடையில் கொஞ்சகாலம் ஈயம் பற்றவைத்துக் கையில் சூடு வைத்துக்கொண்ட பிறகு அங்கே டெக்னிக்கல் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். பயிற்சி என்று கிடைத்தது ஒரு இங்கிலீஷ் மேனுவலும் ஒரு ஸ்க்ரூடிரைவரும்தான்.

அந்த ஸ்க்ரூடிரைவரை நினைத்தால் இப்போதும் மணிக்கட்டு வலிக்கிறது. காலையில் போனதும் வால்வுகளைச் சூடேற்ற வேண்டும். அவை சூடாகி நிதானத்துக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்கு முன்னால் தொட்டால் பாவம். பிறகு ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே ஒன்றும் கொடுக்காதபோது வெளியே ஒன்றும் வரக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் வால்வு கேட்காது. மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஒரு சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, அடுத்ததுக்குப் போக வேண்டும். வரிசையின் கடைசிப் பெட்டியை முடிக்கும்போது முதல் பெட்டி நகர்ந்திருக்கும். முதலில் போய் அதைப் பிடித்தால் நடுவில் ஒன்று நழுவும். இதற்கு மருந்தாக ஒவ்வொரு பெட்டியிலும் சாப்பர் என்று ஒரு அதிரும் நாக்கு உண்டு. அது ரீங்காரமிட்டுக்கொண்டே பூஜ்யத்தைக் காவல் காக்க வேண்டும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பாதிச் சாப்பர்கள் துருப்பிடித்து ஊமையாகிவிட்டன.

போதாததற்கு மின்சாரம். குறுவை நடவு சமயத்தில் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பம்ப்செட்டெல்லாம் ஒன்றாக ஓடும். வோல்டேஜ் படுத்துவிடும், பெட்டிகளுக்குள் நாங்கள் கோத்து வைத்த கடல், ஆறு, வாய்க்கால் எல்லாமும் கூடவே படுத்துவிடும்.

எங்கள் மேலதிகாரி ராமசேஷன் சார். கோபம் வந்தாலாவது மனிதன் திட்டிவிட்டு ஓய்வான், நாமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கோபமே வராது. அடிமட்டத்தில் இருக்கிற என்னைக்கூட நீங்கள் என்றுதான் பேசுவார். கம்ப்யூட்டரின் பதிலைப் பேனா ரெக்கார்டர் காகிதத்தில் கோடாகப் போட்டு முடித்ததும் அதைக் கிழித்து வெளிச்சத்தில் பிடிப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். பிறகு ஒரே வார்த்தை: "மறுபடி." அவ்வளவுதான். எல்லாப் பெட்டியையும் மறுபடி பூஜ்யம் செய்து, மறுபடி ஓட்டி, இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒன்றை ஒன்று மறைத்தால்தான் அவருக்கு அது பதில். மறைக்காவிட்டால் அது வெறும் காகிதம். நல்ல வெயில் மத்தியானத்தில், பசி வயிற்றைக் கிள்ளும்போது அந்த "மறுபடி"யைக் கேட்டவனுக்குத்தான் தெரியும்.

இனி சந்தனத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஸ்டோர் கீப்பர் கோதண்டபாணி பக்திமான். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் அவர் கையால்தான் பொட்டு. லேத், தராசு, சைக்கிள், டைப்ரைட்டர், ஒன்றையும் விடமாட்டார். கம்ப்யூட்டருக்குக் கதவில் மட்டும் வையுங்கள் என்று சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கதவிலும் வைத்தார். ஆனால் அதோடு நிற்க அவருக்கு மனம் வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு பின்பக்கக் கதவைத் திறந்து, உள்ளே வாகாகத் தெரிந்த இடத்திலெல்லாம் பன்னீரில் குழைத்த சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

பூஜை போய் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. வேதாரண்யம் பக்கம் கடைமடைக் கிராமங்களில் சம்பாப் பயிர் முழுகிவிட்டது. அங்கே வடிகால் கடலில் சேரும் இடத்தில் கோடையில் உப்புத் தண்ணீர் ஏறாமல் இருக்க ஒரு மண்கரை போட்டிருந்தார்கள். அதில் ஒரு சின்ன மதகு. பாசன அலுவலகத்து இன்ஜினியர் ஒருவர் நனைந்த குடையோடு வந்து நின்றார். அவர் கேள்வி இதுதான்: மதகு வழியாகவே வெள்ளம் வடிந்துவிடுமா, இல்லை கரையை வெட்ட வேண்டுமா? ஒரு வாரத்துக்கு மேல் முழுகிக் கிடந்தால் பயிர் அழுகிவிடும். வெட்டினால் வெள்ளம் வேகமாகப் போகும், ஆனால் கடல் ஏறும் நேரத்தில் அதே வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே வரும். வந்தால் முதலில் சாகப்போவது கரையை ஒட்டிய பள்ளமான வயல்கள். கரையடி வயல் என்பார்கள்.

அந்தக் கரையடியில்தான் என் அக்கா வீட்டு நிலம் இருந்தது. அதை விட்டால் அவர்களுக்கு வேறு நிலம் கிடையாது.

சாரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, "இந்த வேலையில நீங்க இருக்க வேணாம்னா சொல்லுங்கோ. நான் தப்பா நெனச்சுக்க மாட்டேன்" என்றார். இருக்கிறேன் என்றேன். என்னை விட்டால் அந்தப் பெட்டிகளைப் பூஜ்யத்தில் நிறுத்த அங்கே யாரும் இல்லை.

உட்கார்ந்து பெட்டிகளைக் கோத்தோம். கடல் ஏறி இறங்குவதற்கு மூன்று ஆம்ப்ளிஃபையரை வட்டமாகக் கோத்தால் ரெக்கார்டரில் அலை வரும். அதற்கு மூன்று போயிற்று. வடிகாலில் வந்து சேரும் வெள்ளம், தேங்கும் வெள்ளம், மதகு வழியாக வெளியேறும் வெள்ளம் என்று மற்றவை போயின. உயிரோடு இருந்த பெட்டிகள் எல்லாம் தீர்ந்தன. கரையடி வயலில் உப்பு எவ்வளவு ஏறும், எவ்வளவு நாள் நிற்கும் என்று பார்க்க ஒன்றுகூட மிச்சமில்லை. "அதை விட்டுடுவோம். விட்டுட்டோம்னு சொல்லிடுவோம்" என்றார் சார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

முதல் ஓட்டம் காலையில். கோடு மளமளவென்று இறங்கியது. வெள்ளம் மதகு வழியாகவே வடிந்துவிடும், கரையை வெட்ட வேண்டியதில்லை! எனக்கு அப்பாடா என்று இருந்தது. சார் காகிதத்தைக் கிழித்தார், கண்ணாடியை ஏற்றினார், "மறுபடி" என்றார். மத்தியானம் ஓட்டினோம். கோடு சோம்பிச் சோம்பி இறங்கியது. அடுத்த நாள் காலை மறுபடி மளமள. மத்தியானம் மறுபடி சோம்பல். காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு.

அந்த இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். "சார், ரெண்டுக்கும் நடுவுல சராசரி போட்டுக் குடுத்துடுங்க. மேலேருந்து உயிர எடுக்குறாங்க."

"கரையைச் சராசரியா வெட்ட முடியுமா?" என்றார் சார்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வெளியே மழை, அக்கா வயலில் தண்ணீர், இங்கே இந்த மனிதர் கோட்டோடு கோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலைக் கோட்டைக் கொடுத்து அனுப்பினால் என்ன குறைந்துவிடும் என்று மனதுக்குள் கத்தினேன். வால்வுகளை மாற்றினேன். பெட்டிகளை இடம் மாற்றிச் செருகினேன். பெட்டியை மாற்றினாலும் கோளாறு அதே இடத்தில் நின்றது. தேங்கும் வெள்ளத்தைச் சேர்த்து வைக்கும் இடம் அது. அங்கே வோல்டேஜை ஏற்றிவிட்டுச் சும்மா விட்டால் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை, கண்ணெதிரே இறங்கியது. பெட்டியில் குற்றமில்லை என்றால் பின்னால் இருக்கும் இணைப்பில்தான் குற்றம். டார்ச் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

வெள்ளத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளுக்கும் நடுவில், அளந்து வைத்த மாதிரி, ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம்.

பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. சேர்த்து வைக்கும் குடத்தில் அது ஒரு ஓட்டை. காலை ஈரத்தில் சந்தனம் ஊறி மின்சாரத்தைக் கசியவிடும், வெள்ளம் வடிவது போலத் தெரியும். மத்தியானம் வால்வுச் சூட்டில் காய்ந்ததும் கசிவு அடங்கிவிடும். அப்படியென்றால் மளமளவென்று இறங்கியது வெள்ளமே இல்லை. மத்தியானக் கோடுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரையை வெட்டியாக வேண்டும்.

பெட்டிகளை அடுக்கிய அந்த ரேக்குக்குப் பின்னால் நான் ஒருவன்தான் நிற்க முடியும். பார்த்ததும் நான் ஒருவன்தான். வாயைத் திறக்காவிட்டால் அக்கா வயல் தப்பலாம்.

முன்பக்கத்திலிருந்து சார் குரல் வந்தது. "ஏதாவது தெரியறதா?"

"சந்தனம் சார்."

"என்னது?"

"சந்தனம். குங்குமத்தோட."

அவர் சுற்றி வந்து, என்னை விலகச் சொல்லி, எக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்ததும் கையை நீட்டினார். "குடுங்கோ, நான் துடைக்கறேன். உங்க கையால வேணாம்."

நாற்பது வயதைத் தாண்டிய மனிதர் முதன்முதலாக அன்றைக்குத்தான் என் கண்ணை நேராகப் பார்த்துப் பேசினார் என்று தோன்றியது. அத்தனை நாள் அவர் மேல் இருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "நானே தொடச்சிடுறேன் சார்" என்றேன். துடைத்தேன். மற்ற இடங்களில் இருந்த பொட்டுகளையும் துடைத்தேன்.

கோதண்டபாணியைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "பல்பெல்லாம் உள்ளதான சார் இருக்கு. கதவுல வெச்சா அதுங்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்றார். இந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மறுபடி ஓட்டினோம். காலைக் கோடும் மத்தியானக் கோடும் ஒன்றை ஒன்று மறைத்தன. மதகை மட்டும் நம்பினால் மேலே இருக்கும் கிராமங்களில் பயிர் அழுகும். கரையை வெட்ட வேண்டும். சார் அந்த இன்ஜினியரை எதிரில் உட்கார வைத்து, என் முன்னால்தான் சொன்னார்: "ஒண்ணு நன்னா கேட்டுக்கோங்கோ. கரையடி வயல் இந்தக் கணக்குல இல்லை. எங்ககிட்ட அதுக்கு ஆம்ப்ளிஃபையர் இல்லை. வெட்டறதுக்கு முன்னாடி அந்த வயலைச் சுத்தி மண்ணணைச்சுத் தடுப்பு போட்டுடுங்கோ."

"பாத்துக்கலாம் சார்" என்றார் அவர்.

என் உத்தியோக காலம் முழுவதும் நான் கேட்ட வார்த்தைகளில் இதைப் போல வயிற்றெரிச்சலைக் கிளப்பியது வேறில்லை. பார்க்கவும் மாட்டார்கள், கொள்ளவும் மாட்டார்கள். கரையை வெட்டினார்கள். தடுப்புப் போடவில்லை. மழையில் மண் கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை, மேலே இருந்து அவசரம் என்று பிற்பாடு காரணங்கள் மட்டும் நிறையக் கிடைத்தன.

மழை விட்ட பிறகு லீவு போட்டுவிட்டு திருத்துறைப்பூண்டி வழியாக பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் மேலக் கிராமங்களில் பயிர் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது. எங்கள் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. அக்கா வயலில் இறங்கினேன். பயிர் நுனியிலிருந்து கருகியிருந்தது. தண்ணீர் வடிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அக்கா சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் அந்தச் சோறு இறங்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நீ மட்டும்தானா தம்பி பாத்த?"

"ஆமா."

அவள் குழம்பை ஊற்றினாள். "பாக்காம இருந்திருக்கலாமேன்னுதான் மொதல்ல வருது. மேலத்து ஊருங்கள நெனச்சா அப்படிச் சொல்ல வாய் வரல. ரெண்டும்தான் இருக்கு, என்ன பண்ண. சாப்புடு."

அத்தானும் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் என்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கருகின பயிரில் ஒரு பிடியைப் பிடுங்கி வேரைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாப்ள, ஒங்க மிஷின்ல எங்க வயலு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இல்ல அத்தான். ஆம்ப்ளிஃபையர் பத்தல. விட்டுட்டோம். எங்க சார் அந்த இன்ஜினியர்கிட்ட வெவரமா சொன்னாரு."

"சாரு சொன்னாரு, சரி. மிஷினு சொல்லுச்சா?"

"அது எப்படி அத்தான் சொல்லும்?"

"பத்தலன்னா பத்தலன்னுல்ல நிக்கணும்? எங்கள விட்டுட்டு, ஒண்ணுமே கொறையாத மாதிரி கோடு முழுசாப் போட்டுக் குடுத்துச்சே."

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மறு வருஷமும் அந்த மண்ணில் நாற்று பிடிக்கவில்லை, அத்தான் சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்குப் போனார். அக்கா பத்து வருஷத்துக்கு மேல் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தாள். நிலம் கைமாறி இறால் குட்டை ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, அது போய் சில்லு வந்தது, சில்லு போய் லேப்டாப் வந்தது. ஒவ்வொன்று வந்து இறங்கும்போதும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: இதில் எதை விட்டிருக்கிறீர்கள் என்று இது தானாகச் சொல்லுமா? ஒவ்வொரு தடவையும் எதிரில் இருந்தவர் கோட்டைக் காட்டினார், முன்னைவிட அழகாக, முன்னைவிட வேகமாக. நான் "மறுபடி" என்றேன். கிழவனுக்குப் பிடிவாதம் என்று பெயர் வாங்கினேன். அத்தான் கேட்டதற்கு நான் ஒரு பதில் சொல்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.